நேரலைக்கு நாலு நிமிடம் பின்னால்

பாண்டி கோயிலில் இன்று பதினோரு காதுகுத்து,
ஒரே ஒரு டவர்.
விறகு தள்ளுகிறவர், மொய் நோட்டோடு உட்கார்ந்தவர்,
கறி வேகும்வரை சும்மா நிற்பவர்
எல்லோரும் போனில்.
மிச்சம் வருகிற சிக்னலுக்கு
வேப்பங்கிளையில் டாங்கிளைக் கட்டித்
தொங்கவிட்டிருக்கிறேன்.

சோஹாரில் கிடங்கு அலுவலகத்துக் கம்ப்யூட்டர் முன்னால்
தாய்மாமன் ஒச்சப்பன்.
"பக்கமே திறக்கல தங்கச்சி.
பாதுகாப்பு இல்லைனு செவப்பா ஒரு பூட்டு."

"வலது மூலையில தேதி இருக்கும், வாசிங்கண்ணே."

வாசித்தார்.
ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு ஜனவரி ஒன்று.
அன்றைக்குத் தன்ஷிகா இல்லை.
அவள் அம்மா பாண்டீஸ்வரிக்கு
மாப்பிள்ளையே பார்த்திருக்கவில்லை.
உள்பேட்டரி செத்த அந்தப் பெட்டி
தன் கணக்கில் சரியாகத்தான் இருந்தது:
பிறக்காத பிள்ளையின் காதுகுத்தை
எந்தச் சான்றிதழை நம்பித் திறக்கும்?

தேதியைத் திருத்தினார். பூட்டு விலகியது.
"உறுமி கேக்குது. ஆளக் காணோம்.
ஒரே கறுப்பு."

"மூணு புள்ளிய அமுக்குங்க. செட்டிங்ஸ். சிஸ்டம்.
ஏணி மாதிரி ஒரு எழுத்துல ஆரம்பிக்கும்,
நீளமான பேரு. அத நிறுத்துங்க."
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்
ஏணியைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்.
"மூடித் திறக்கவா?"
"மூடித் திறங்க."

இங்கே ஆசாரிக்கு இன்னும் மூன்று பந்தல் பாக்கி.
பெரியப்பா மகன் மடியை விரித்து
அரைமணி நேரமாகக் கால் மரத்துப்போய் இருக்கிறான்.
"அண்ணன் பாக்காம ஊசி எடுக்கக் கூடாது"
என்கிறாள் பாண்டீஸ்வரி.

லேப்டாப் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.
பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்ததன் முதுகில்
மடிக்கணினி என்று அச்சடித்திருக்கும்,
பாதி அழிந்து.
பிளாஸ்டிக் நாற்காலியில் அதைத் திறந்து
பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மாமன் மடி அந்தச் சொல்லில் மட்டும் இருந்தது.

"வந்திருச்சு! வந்திருச்சு! பாவாடை தெரியுது!
அய்யய்யோ, சுத்துதே."
"தரத்தக் குறைங்கண்ணே. மூஞ்சி கலங்கும், ஆனா ஓடும்."
ஓடியது. நின்றது. ஓடியது.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.
காட்டியது நான்தான்.

இடது காது.
வலது காது.
அழுகையை உறுமி பாதி விழுங்கியது.
மிச்சத்தை வாழைப்பழம் அடைத்தது.

போனில் அவர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.
கூர்ந்து கேட்டேன்.
அவருடைய பெட்டியில்
ஆசாரி தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
அவர் குடித்து வைத்த செம்பு
இங்கே வெயிலில் காய்ந்தே போயிருந்தது.

நின்று நின்று ஓடியதில் சேர்ந்த கடன்,
நாலு நிமிடம்.

"அண்ணே, பின்னால ஓடுது.
கீழ செவப்புப் புள்ளி இருக்கும்.
அமுக்குனா நேரா இங்க வந்துருவீங்க."

"நடுவுல உள்ளது?"

"தாண்டிப் போயிரும்ணே.
பெறகு பதிவுல பாத்துக்கலாம்."

ஏசி இரைகிறது அங்கே.
யாரோ அரபியில் எதையோ கேட்டு
பதில் கிடைக்காமல் போகிறார்கள்.

"குத்தியாச்சா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத தங்கச்சி.
இங்க அவ இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா."

கம்மலில் ரத்தம் துடைத்தபடி
பாண்டீஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"அண்ணன் பாத்துச்சா?"

"பாத்துக்கிட்டிருக்காரு."

இனி நான் ஒயரைப் பிடுங்கினாலும் ஒன்றுமில்லை.
அழுகை இங்கிருந்து கிளம்பிவிட்டது,
வழியில் எங்கோ இருக்கிறது.
டாங்கிளை அவிழ்த்தேன். முக்காலியை மடக்கினேன்.
அடுத்த பந்தலில் கூப்பிடுகிறார்கள்.

போனை மட்டும்
காதிலிருந்து எடுக்கவில்லை.